தெருவுக்கு ஒரு சர்வர்

"இனி எந்தக் கம்பெனிக்காரனும் நம்ம பேச்சை எட்டிப் பார்க்க முடியாது" என்று மார்தட்டித்தான் அவன் தெருக்காரர்கள் செய்தி அனுப்பிக்கொள்ளச் சொந்தமாக ஒரு சர்வர் கணினியைத் தன் வீட்டில் நிறுவினான். யார் எதை எழுதினாலும் அதன் வழியாகத்தான் எல்லோர் போனுக்கும் போகும். "வேலை நேரத்துல கூப்பிடாதீங்கப்பா, எதுன்னாலும் இதுல போடுங்க" என்று அப்பாவிடமும் சொல்லிவைத்தான்.

இன்று கூடத்தில் அப்பாவின் உடல். குளியலறையில் வழுக்கி விழுந்தவர், மகன் வீடு திரும்பும்வரை அங்கேயே கிடந்திருக்கிறார்.

"போன் கையிலயே இருந்திருக்கு. ஒரு வரி போட்டிருந்தா தெருவே ஓடி வந்திருக்குமே!" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

"கண்ணாடியைக் காணோம்னாகூடப் போட்டு உயிரை எடுப்பாரு" என்றார் மளிகைக்கடைக்காரர். "கொஞ்ச நாளா ஏனோ சத்தமே இல்ல."

அவன் விருட்டென்று எழுந்து உள்ளே போய் சர்வர் முன் உட்கார்ந்தான். யாருடைய பதிவுகளை வெளியே விடாமல் நிறுத்திவைக்க வேண்டும் என்ற பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது. யார் கண்ணிலும் படுவதற்குள் அதை நீக்கினான்.

நீக்கிய கணமே, தேங்கிக் கிடந்ததையெல்லாம் சர்வர் அனுப்பிவிடும் என்பது பதற்றத்தில் மறந்துபோயிற்று.

கூடத்தில் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் ஒலித்தது.

எதிர்வீட்டு அக்கா கடைசிச் செய்தியை வாய்விட்டுப் படித்தாள்:

"டேய் கண்ணா, விழுந்துட்டேன்டா. இதை ஒண்ணையாவது வெளிய விடுடா."