முந்தைய பக்கம்

ஆளில்லாமல் கரை ஒதுங்கிய படகின் ஜிபிஎஸ் கருவியிலிருந்து பதிவுகளைச் சேமிக்கும் ஃபிளாஷ் சிப்பைக் கழற்றி, அதைக் கணினியில் படிக்க ஜெசிந்தா அவசரமாக ஒரு டிரைவர் நிரல் எழுதினாள். சிப்பில் பதிவான கடைசிப் பக்கம் காட்டிய இடத்துக்கு நான்கு படகுகள் தெற்கே விரைந்தன.

"தம்பி நல்லா நீந்துவான்மா," என்றார் பக்கத்தில் நின்ற சிலுவை, காணாமல்போனவனின் அண்ணன்.

சரிபார்க்க அதே பக்கத்தை மறுபடி படித்தாள். வடக்கே வேறோர் இடம் வந்தது. படிக்கச் சொன்னபின் பக்கத்தை எடுத்துவர சிப்புக்குக் கண்ணிமைக்கும் நேரம் வேண்டும். அந்தக் காத்திருப்பை எழுத மறந்திருந்தாள். காத்திராமல் வாங்கியதால், முதல்முறை அது கொடுத்தது அதற்குமுன் படித்த பழைய பக்கத்தை.

"அண்ணே, படகுகளத் திருப்பச் சொல்லுங்க. வடக்க."

சிலுவை வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தார். பொத்தானை அழுத்தாமல் அவளைப் பார்த்தார்.

"இதாவது நெசந்தானாம்மா?"

மறுபடி படித்து உறுதிசெய்ய, ஜெசிந்தா விட்டுப்போன காத்திருப்பு வரியை எழுதத் தொடங்கினாள். ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.