தூசி இல்லாத தெரு

"தூசியா? எங்கம்மா இருக்கு தூசி?" என்று கேட்டுவிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி அடுக்கடுக்காக மூன்று தும்மல் போட்டார்.

தையற்காரம்மா அவருக்காக இழுத்துப் போட்ட நாற்காலியை ஒரு வெட்டுத்துணியால் துடைத்தாள். வெள்ளைத் துணி காக்கியாகிவிட்டது. அதைப் பார்க்காத மாதிரி அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே நிலைமை இன்னும் மோசம். தெருவுக்கு எதிர்ப்பக்கம் கோழிப்பண்ணையின் ஆளுயர மின்விசிறிகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஐம்பதாயிரம் கோழிகளின் இறகுத்தூளும், தீவனப்பொடியும், காய்ந்த எச்சமும் ஒரே மூச்சில் இந்த வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தன.

"தெச்சு மடிக்கறதுக்குள்ள வெள்ளைக் கோட்டெல்லாம் பழுப்பாயிடுது, ஆஸ்பத்திரியில திருப்பி அனுப்பறாங்கன்னு எழுதியிருந்தேனே, சார்."

"எழுதினீங்க, எழுதினீங்க. பதினெட்டு மனு! அதுக்காகத்தான் அறிவியல் முறைப்படி ஆய்வு பண்ணினோம். உங்க மொட்டைமாடியில ஒரு மாசம் ஜாடி வெச்சோமில்ல? காத்துலேர்ந்து விழற தூசியெல்லாம் அதுல சேரணும். சேர்ந்துதா? ஒரு சிட்டிகை இல்லை!"

"மூடி போட்டு வெச்சிருந்தீங்களே, சார்."

"பின்னே? திறந்து வெச்சா உள்ள தூசி விழுந்துடாதா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். போன தடவை இதைவிடச் சின்ன வார்த்தைக்கு அவரைத் தெருமுனை வரை துரத்தியவள் அவள். ஆனால் இன்று, "அதுவும் சரிதான்" என்று தலையாட்டினாள்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று அதிகாரி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். அவள் கொடுத்த தண்ணீரைப் பார்த்தார். மேலே தூசி மெல்லிய ஆடையாக மிதந்தது. "இப்பத்தான் குடிச்சேன்" என்று தம்ளரை ஓரமாக நகர்த்தினார்.

கைபேசி அடித்தது. பண்ணை முதலாளி.

"மனுவை வாபஸ் வாங்கிட்டாங்களா?"

"கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி" என்று அதிகாரி குரலைத் தாழ்த்தி, பேச்சு வெளியே கேட்காமலிருக்க ஜன்னலைச் சாத்தப் போனார். ஒரு சின்ன இறகு நேராக வாய்க்குள் போனது.

"முடிச்சுட்டு வாங்க. நான் சொன்னபடி உங்களுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு. கண்ணைத் திறந்து பாத்தா அசந்துடுவீங்க!"

ஓய்வு பெற இன்னும் இரண்டே மாதம். நிச்சயம் கார்தான் என்று அதிகாரிக்குத் தோன்றியது. நீல நிறமாக இருந்தால் நன்றாக இருக்கும். இறகைத் துப்பிவிட்டு உற்சாகமாக வந்து உட்கார்ந்தார்.

"இந்தாங்க அறிக்கை. படிச்சுப் பாத்துட்டுக் கீழ ஒரு கையெழுத்து."

அவள் விரலை வைத்து நிதானமாகப் படித்தாள். "'இத்தெருவின் காற்று தூய்மையானது. குடியிருப்புக்கு மிகவும் உகந்தது.' இது நிஜமா, சார்?"

"அரசாங்க முத்திரை இருக்கே, தெரியலையா?"

"நான் பாட்டுக்கு ஏதோ பிரமையில இருந்துட்டேன் போல. வயசானவங்க இருக்கலாமா?"

"தாராளமா."

"மூச்சுத் தொந்தரவு இருக்கறவங்க?"

"வந்த தொந்தரவும் ஓடிப்போயிடும்!"

"ராத்திரி ஜன்னலைத் திறந்து வெச்சுத் தூங்கலாமா?"

"மலைப்பிரதேசத்துக்குக் காசு செலவழிச்சுப் போறானுங்க, முட்டாப் பசங்க. இந்தக் காத்துக்கெல்லாம் கொடுத்து வெச்சிருக்கணும்மா." கண்ணில் நீர் வழிய, கைக்குட்டைக்குள் இருமினார். "எனக்கு இது வேற... ஜலதோஷம்."

"அப்போ அதையும் உங்க கையாலயே எழுதிடுங்க. மூச்சுத் தொந்தரவு இருக்கறவங்களும் இருக்கலாம்னு. என் மனசுக்கு ஒரு திருப்தி."

சனியன் தொலைந்தால் போதும் என்று அதிகாரி எழுதினார். எழுதிக் கையெழுத்திட்டுத் தேதியும் போட்டார்.

"பதினெட்டு மனுவும் ஆதாரமில்லாதது, எல்லாத்தையும் வாபஸ் வாங்கறேன்" என்று அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தன் கையெழுத்தையும் போட்டாள். முகத்தில் வருத்தத்தின் சாயல்கூட இல்லை. எழுந்து உள்ளே போனவள், தையல் மிஷினை ஒரு கையால் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தாள். திரும்பி வந்து ஒரு சாவிக்கொத்தை அவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"எதுக்கும்மா எங்கிட்ட சாவி?"

"பண்ணை முதலாளி நேத்து இந்த வீட்டை எங்கிட்டேர்ந்து வாங்கி, உங்க வீட்டம்மா பேர்ல பதிஞ்சு கொடுத்துட்டாரு, சார். உங்ககிட்ட மூச்சு விடக்கூடாது, மனுஷன் சந்தோஷத்துல திக்குமுக்காடணும்னு அம்மா கண்டிப்பா சொல்லியிருந்தாங்க."