வெறும் சலனம்

“இன்னைக்கு இந்த ஆளை உள்ளே தள்ளாம சாட்சி சொல்ல வந்தவர் எழுந்திரிக்க மாட்டார், பாருங்க” என்று தட்டச்சர் பக்கத்திலிருந்த எழுத்தரின் காதில் முணுமுணுத்தார்.

விசாரணை மேசையின் முன் துணைமின் நிலையத்தின் ஆபரேட்டர் கைகட்டி நின்றிருந்தார். எதிரே சாட்சியாக அமர்ந்திருந்தவர் ரிலே பொறியாளர். மின்னோட்ட வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவாராதலால், அலுவலகத்தில் அவருக்கு ‘நாடி டாக்டர்’ என்று பெயர்.

பதினைந்து நாள்களுக்கு முன், அறுந்து தெருவில் கிடந்த மின்கம்பியை மிதித்து இறந்தவள் அவருடைய ஒரே மகள்.

“வேற ஒருத்தரைக் கூப்பிடுறேன்னு சொன்னேன், சார். நீங்கதான் பிடிவாதமா வந்துட்டீங்க” என்றார் விசாரணை அதிகாரி.

“நான்தான் சொல்லணும்” என்றார் பொறியாளர்.

கம்பி அறுந்த நேரம் மாலை நான்கு பதினேழு. அந்தக் கணமே கட்டுப்பாட்டறையின் அளவியில் முள் துள்ளியது. அதைக் கண்ணால் கண்டும் நான்கு நாற்பத்தொன்று வரை ஆபரேட்டர் மின்சாரத்தை நிறுத்தவில்லை என்பதே குற்றச்சாட்டு. அது மெய்யானால் வேலையும் போகும், சிறையும் உண்டு.

அதிகாரி வரைபடத்தாளை நகர்த்தி வைத்தார். பொறியாளர் அதன்மேல் குனிந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடி தண்ணீர்க் குவளையின் அருகில் மடித்தபடியே கிடந்தது. கலங்கிய கண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று எண்ணினாரோ, என்னவோ.

“நாலு பதினேழுக்கு லேசா ஒரு துள்ளல். அப்புறம் கொஞ்சம் நடுக்கம். அஞ்சு நிமிஷத்துல அடங்கிடுது” என்றார்.

“எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க, சார். இது பழுதா, இல்லையா?”

“கம்பி ஈர மண்ணுல விழுந்தா கரண்ட் எகிறும். ரிலே தானாவே லைனைத் துண்டிச்சிடும், யாரையும் கேட்காது. காஞ்ச ஜல்லி மேல விழுந்தா அப்படி எகிறாது. எங்கேயோ ஒரு பெரிய மோட்டாரை ஓட விட்ட மாதிரி லேசாத் துள்ளும், அவ்வளவுதான். அந்த மாதிரிச் சலனம் ஒரு நாளைக்கு நாப்பது வரும். ஒவ்வொண்ணுக்கும் லைனை நிறுத்த முடியுமா? ஆஸ்பத்திரியும் அதே லைன்லதான் இருக்கு.”

“அப்போ?”

“இதைப் பார்த்தா யாரா இருந்தாலும் வெறும் சலனம்னுதான் சொல்லியிருப்பாங்க. இவர் மேல தப்பு இல்ல.”

தட்டச்சரின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. எழுத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அதிகாரி இருமுறை தொண்டையைச் செருமியபின் ஆபரேட்டரை நோக்கினார்.

“சந்தேகம் வந்தா பெரியவங்களைக் கேட்கணும்னு விதி இருக்கே. யாரையாவது கேட்டியா?”

ஆபரேட்டர் தலை நிமிர்ந்தார். ஒரு கணம் சாட்சியைப் பார்த்தார். சாட்சி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேட்கல, சார். நானே முடிவு பண்ணிட்டேன்.”

“ஏன்யா, பக்கத்துலயே போன் இருக்கு. எடுத்துப் பேசினா கை தேஞ்சா போயிடும்?”

“தப்புதான், சார்.”

“டாக்டர் மட்டும் இப்படிச் சொல்லலேன்னா உன் கதை கந்தல், தெரியுமா?”

குற்ற வழக்கு வேண்டாம். விதிப்படி கேளாமல் நடந்தமைக்காகப் பதவியிறக்கம் மட்டும் போதும் என்று அதிகாரி எழுதி முடித்தார். ஆபரேட்டர் கையெழுத்திட்டார்.

வெளியே நடைவழியில் பொறியாளரின் மனைவி நின்றிருந்தாள். உள்ளே நடந்ததைத் தட்டச்சர் முன்னதாகவே ஓடிவந்து அவளிடம் சொல்லிவிட்டிருந்தார். ஆபரேட்டர் வெளிப்பட்டதும் அவள் வழிமறித்தாள்.

“எங்க வீட்டுக்காரருக்குப் பெரிய மனசு. விட்டுட்டார். எனக்கு அந்த மனசு இல்ல. முள்ளு ஆடுறதைப் பார்த்துட்டு இருபத்துநாலு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தியே, நீயும் ஒரு பொண்ணைப் பெத்தவன்தானே?”

“தப்புதாம்மா” என்றார் ஆபரேட்டர். கட்டிய கையை அவர் இன்னும் அவிழ்க்கவில்லை.

“உன் முகத்துலயே நான் இனிமே முழிக்கக் கூடாது.”

அவள் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு படியிறங்கலானாள். “தெய்வம்யா அந்த மனுஷன்” என்று தட்டச்சர் எழுத்தரிடம் சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

கடைசியாகப் பொறியாளர் வந்தார். ஆபரேட்டர் தம் சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“மேசை மேலயே விட்டுட்டு வந்துட்டீங்க, சார்.”

பொறியாளர் அதை வாங்கிக்கொண்டாரே தவிர, எதிரிலிருந்தவரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கீழே அவர் மனைவியின் செருப்போசை முற்றும் தேய்ந்து மறையும்வரை ஆபரேட்டர் காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“லைனை நிறுத்தட்டுமான்னு அன்னைக்கு நான் போன்ல கேட்டதும், வெறும் சலனம்தான், விடுன்னு நீங்க சொன்னதும் அம்மாவுக்குத் தெரிய வேணாம், சார்.”