முதல் பத்து நிமிடம்

காரின் கண்ணாடியில் முதல் துளி விழுந்ததுமே அவள் பாட்டிலின் மூடியைத் திருகிவிட்டாள்.

கதவுதான் திறக்கவில்லை. பின்கதவுகளின் பூட்டு, ஓட்டுநர் இருக்கையில் இருந்த அண்ணியின் கைப்பக்கம் இருந்தது.

"இரும்மா, என்ன அவசரம்? நனைஞ்சு காய்ச்சல்ல படுத்தா உங்கண்ணனுக்கு யாரு பதில் சொல்றது?"

நாற்பத்தொரு நாள் மழை காணாத சாலை. டயர் தேய்ந்த தூள், பிரேக் உதிர்த்த செம்பு, லாரிகள் சொட்டிய எண்ணெய், எல்லாம் அப்பிக் கிடந்தது.

அதைக் கழுவிக்கொண்டு வருவது முதல் பத்து நிமிடத் தண்ணீர். அப்புறம் வருவது வெறும் மழை.

கார் நின்ற இடத்துச் சாலையோர வடிகால் புதுக் குடியிருப்பின் கிணறுகளில் போய் இறங்குகிறது. முந்நூறு வீடு குடிக்கிறது. முதல் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட ஒரு மதகு போதும்.

மதகு வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அண்ணியின் ஆய்வகம் மூன்று வருடமாக 'நல்ல நீர்' என்றே அறிக்கை கொடுத்து வந்தது. அங்கே நீரைப் பிடித்துச் சோதிப்பது நாத்தனாரான இவள் வேலை.

இந்த முறை முதல் தண்ணீரை எடுத்தே தீருவது என்றுதான் வந்திருந்தாள்.

"அண்ணி, கதவு..." பாதிக் குரல் மழையில் போயிற்று.

அண்ணி பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றி நீட்டினாள்.

கண்ணாடி ஆவி படிந்து மங்கியது. உள்ளங்கையால் துடைத்துப் பார்த்தாள். வடிகால் வாயில் தண்ணீர் கன்னங்கரேலென்று இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது தடவை துடைத்தபோது பழுப்பு. டீ ஆறிப்போனபோது, அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது.

அண்ணி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பூட்டை விடுவித்தாள்.

"இப்ப போ. அரை மணி கழிச்சுத்தான் பிடிக்கணும்னு மொத வருஷம் நீதானே எழுதிக் குடுத்த? உன் படிப்பு எனக்கு ஏது? ஆனா உன் பேச்சை ஒரு தடவை மீறினதில்ல, பாத்துக்கோ."

பெருமையாகத்தான் சொன்னாள். அவள் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை.

"சரி அண்ணி" என்று இறங்கிப்போய்ப் பாட்டிலை நிரப்பினாள்.

முதல் வருடம் மழை பிடித்தபோது அவள் மதியத் தூக்கத்தில் இருந்தாள். அடித்துப் பிடித்து ஓடிவந்து சேர்வதற்குள் அரை மணி ஆகிவிட்டது. திட்டு வாங்கப் பயந்து, அதுதான் முறை என்று எழுதிவிட்டாள்.