முள்ளில் சிக்காத மீன்

"என் தூண்டில் முள்ளைத் தொடாமலே ஒரு மீன் என்கிட்ட மாட்டிச்சு தம்பி. அது வாயைத் திறந்தா உன் விமானத்தை உள்ளே நிறுத்தலாம்" என்றார் சிரில்.

மிதவை விமானத்தைப் படகுத்துறையில் கட்டிக்கொண்டிருந்த கர்ட் சிரித்தான். "பெரியவரே, மூட்டை கட்டியாச்சு. கிளம்புற நேரத்துல சிரிக்க வெச்சு வயித்தைப் புண்ணாக்காதீங்க."

நான்கு மூட்டைகளும் துறையில் நின்றன. சிரில் அவற்றைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் திமிங்கிலத்துக்கே வழிவிடாத மனுஷன். இங்கே வந்த ஒரு வாரமும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அலை இல்லை, உப்பு இல்லை. "இது ஏரியா, ஆறிப்போன சூப்பா?" என்று மனைவி நோரீனிடம் தினமும் பொருமல்.

நோரீன் இந்த வடக்கு ஏரிக்கரையில் பிறந்தவள். அவருக்காக நாற்பது வருஷம் கடலோரத்தில் உப்புக் காற்றைக் குடித்தவள். அவள் அப்பா கட்டிய மரவீட்டில் ஒரு வாரம் இருந்து பார்ப்பது, சிரிலுக்குப் பிடிக்காவிட்டால் விற்றுவிடுவது என்று பேச்சு. வாங்குகிறவர் பத்திரத்தோடு டவுனில் காத்திருந்தார்.

"கேளு தம்பி. காலையில கடைசியா ஒரு வீச்சுன்னு போனேன். சாணளவு ட்ரவுட் மீன் ஒண்ணு மாட்டிச்சு. இழுக்கிறேன், வரலை. பாத்தா, அதைக் குறுக்கால கவ்விக்கிட்டு ஒரு ராட்சச ட்ரவுட். முள்ளு சின்னதோட வாயில. பெரிசு வெறும் பேராசையில தொங்குது. படகையே மூணு சுத்து சுத்த வெச்சுச்சு. கையை நீட்டினேன். வாயைத் திறந்து சின்னதை விட்டுட்டு, என்னை ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடுச்சு."

"சாட்சி?"

"இதோ நோரீன், கரையில நின்னு உனக்கு மீன் பொரிச்சுக்கிட்டிருந்தாளே. முப்பதடி தூரம்."

விமானம் கொண்டுவருகிறவனைப் பட்டினியாக அனுப்புவது அந்த ஏரிகளில் வழக்கமில்லை. நோரீன் தட்டை நீட்டினாள். "நான் சட்டியைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

கர்ட் ஒரு துண்டைக் கடித்து முகத்தைச் சுளித்தான். "என்னக்கா, அடுப்புக்கரியா? போன வாரம் உங்களைக் கொண்டுவந்து விட்டப்போ பொரிச்சது பொன்னாட்டம் இருந்துச்சே."

"விறகு ரொம்பக் காஞ்சிருந்துச்சு. பேசாம தின்னு."

சிரிலுக்குக் காது சிவந்தது. வாழ்நாளில் அவர் சொன்ன மீன்கதைகளில் நிஜமானது இது ஒன்றுதான். அதற்குப் போய் நம்ப ஆளில்லை.

"படகு சுத்தினதைக்கூடவா நீ பாக்கலை?"

"நீதான் ஒரு வாரமா சுத்திக்கிட்டே இருக்கியே. எதைன்னு பாக்கிறது?"

கர்ட் மூட்டைகளை ஏற்றி இன்ஜினை முடுக்கினான். சிரில் ஒரு கால் மிதவையில், ஒரு கால் துறையில். ஏரியைப் பார்த்தார், நோரீனைப் பார்த்தார், மறுபடி ஏரியைப் பார்த்தார். பிறகு விமானத்துக்குள் தலையை விட்டு மூட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே வீசினார்.

"பத்திரமும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம்னு அந்த ஆள்கிட்ட சொல்லு தம்பி. இவ கண்ணு முன்னால அதே மீனைக் கொண்டுவந்து காட்டாம நான் நகர மாட்டேன். கோடை முழுக்க ஆனாலும் சரி."

விமானச் சத்தம் பைன் மரங்களுக்கு அப்பால் தேய்ந்தபோது சிரில் படகில் இருந்தார். தூண்டில் நீரில் கிடந்தது. ஒரு வாரத்தில் முதல்முறையாகக் கால் ஆடாமல் இருந்தது.

"கடைசியா கேக்கிறேன் நோரீன். நிஜமாவே நீ பாக்கலையா?"

நோரீன் கரையில் குந்தி, சட்டியில் ஒட்டிய கரியைச் சுரண்டியபடியே சொன்னாள்:

"பாக்காமலா மீனைக் கருகவிட்டேன்?"