துக்க நெருப்பும் இரைச்சல் கருவியும்

கம்பாலாப் புறவழிச்சாலையை ஒட்டிய வீட்டு வாசலில் மூன்று நாளாகத் துக்க நெருப்பு எரிகிறது. புகையைக் கண்டதுமே லாரிகள் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன; ஹாரன் அடிப்பார் யாருமில்லை. சாவு வீட்டைக் கடக்கிற மரியாதை அது. கணவனைப் பறிகொடுத்த நம்போஸே பாயில் உட்கார்ந்து, முக்காலியில் நிற்கும், இரைச்சலை அளக்கும் கருவியையே வெறிக்கிறாள். இரைச்சலுக்குத் தடுப்புச் சுவர் கேட்டு இரண்டு வருடம் மனு எழுதியவன் அந்தக் கணவன். அளக்கிற அதிகாரி துமுவினே இன்றுதான் வந்திருக்கிறார். வெயிலுக்குக் கையால் மறைத்து எண்ணைப் படிக்கிறார்.

"அறுபத்தொண்ணு டெசிபல்தாம்மா காட்டுது. எழுபதைத் தாண்டினாத்தான் சுவர்."

"நெருப்பு எரியறதாலதான் இப்பிடி மெதுவாப் போறாங்க. நாளைக்கு அணைச்சிருவோம், வந்து பாருங்க" என்கிறாள் நம்போஸே.

"ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதாம்மா."

"மத்த நாள்ல வந்திருந்தா உங்க கருவி வெடிச்சிருக்கும்!" என்கிறாள் நாத்தனார். துமுவினே தலை குனிந்து கருவியை மடக்குகிறார். மரம் ஏற்றிய லாரியொன்று புகையைக் கண்டு வேகம் தணிந்து, ஓசையே இல்லாமல் ஊர்ந்து வருகிறது. ஓட்டுநர் தொப்பியைக் கழற்றுகிறான். நம்போஸே அந்த ஊர்ப் பெண்களின் முறைப்படி முழங்காலிட்டு அவனுக்கு நன்றி சொல்கிறாள்.