வரிக்காகக் கட்டிய சுவர்

கன்னத்தில் அறை விழுந்த வேகத்தில் தம்பியின் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது.

பேரன் எடுத்தவனைப் பட்டறை ஆட்கள் முன்னால் கைநீட்டி அடித்தார் பெரியவர். அடித்ததற்காக அவர் வருத்தப்படவில்லை. அவன் நீட்டிய காகிதத்துக்கு அது குறைச்சல் என்றுதான் தோன்றியது.

நேற்று அவருடைய ஆள் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம், தம்பியின் பட்டறையிலிருந்து ஒரு கட்டுக் கம்பி எடுத்து வந்திருந்தான். அதற்குப் பில்.

"அண்ணனுக்கே பில் போடுறியாடா? நாளைக்கு நான் செத்தா, தூக்கிட்டுப் போறதுக்கும் பில் போடுவியா?"

தம்பி வாயைத் துடைத்துக்கொண்டான். "ஆடிட்டர்தான் போடச் சொன்னாரு, அண்ணே."

ஆடிட்டர் அப்போது வாசலில்தான் நின்றிருந்தார். வரி அலுவலகத்திலிருந்து மதியம் அதிகாரி வருகிறார்; அதற்குள் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வந்தவர். பெரியவர் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, வெட்டிப்போட்ட இரும்புத் துண்டுகளின் மேல் தள்ளினார். கண்ணாடி ஒரு பக்கம் போனது, ஆடிட்டர் ஒரு பக்கம் போனார். உள்ளங்கை கிழிந்து இரத்தம் வழிந்தது.

"குடும்பத்தைப் பிரிக்கவாய்யா உனக்குக் கூலி கொடுத்தேன்?"

அந்தக் குடும்பம் பிரிந்ததே கிடையாது. அப்பா இறந்த வருடம் பட்டறையைப் பங்கு போடச் சொல்லி வந்த சித்தப்பாவைத் தெருக்கோடி வரை விரட்டி அடித்தவர் பெரியவர். ஒரே பட்டறை, ஒரே கல்லா, ஒரே அடுப்பு. ஊரில் எந்த அண்ணன் தம்பி கோர்ட்டுப் படி ஏறினாலும், நாலு பேர் இவர்கள் வீட்டைக் காட்டித்தான் புத்தி சொல்வார்கள்.

வியாபாரம் வளர்ந்ததுதான் வினையாயிற்று. விற்பனை ஒரு வரம்பைத் தாண்டினால் வரி. இரண்டு சின்னப் பட்டறைகளாக இருந்தால் இல்லை. யோசனை கேட்கப் போனபோது ஆடிட்டர் அடித்துச் சொன்னார்: "பேருக்குப் பிரிஞ்சா செல்லாதுங்க ஐயா. நிஜமாவே பிரியணும். நடுவுல சுவர், தனி வாசல், தனி மீட்டர், தனி பாங்க் கணக்கு. ஒருத்தர் சரக்கை இன்னொருத்தர் எடுத்தா பில்."

பெரியவர் தலையை ஆட்டினார். ஆனால் மனதில் நின்றது சுவர் மட்டும்தான். கொத்தனாரைத் தனியே கூப்பிட்டு, சிமென்ட்டைக் குறைத்து மணலைக் கூட்டி ஒற்றைச் செங்கல்லில் எழுப்பச் சொன்னார். அதிகாரி பார்த்துவிட்டுப் போனதும் சம்மட்டியால் நாலு அடி அடித்தால் விழ வேண்டும்.

இப்போது அதுவரை பொறுக்க அவரால் முடியவில்லை. சம்மட்டியை எடுத்தார்.

"ஐயா, வேணாங்க! சுவர் இல்லேன்னா ரெண்டும் ஒண்ணுதான்னு எழுதிடுவாங்க. பழைய வரி, வட்டி, அபராதம் எல்லாம் மொத்தமா வரும்!" கீழே கிடந்த ஆடிட்டர் கத்தினார்.

"வரட்டும்யா. கட்டுறேன். வரி கட்டி எவன் மானமும் போனதில்லை."

தம்பி ஓடிவந்து சுவரில் முதுகை ஒட்டி, இரண்டு கைகளையும் விரித்து நின்றான்.

"அண்ணே, உங்க கால்ல விழறேன். சுவரை மட்டும் விட்டுடுங்க."

நாலு காசு அபராதத்துக்கு இப்படி நடுங்குகிறானே என்று பெரியவருக்கு அருவருப்பாக இருந்தது. நகரச் சொன்னார். அவன் நகரவில்லை.

சம்மட்டி இறங்கியது. அவர் தலைக்குக் குறிவைக்கவில்லை. தலையைத் தவிர்க்கவும் இல்லை. கடைசி நொடியில் தம்பி சாய்ந்ததால் அடி தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த ஓசை பட்டறை முழுக்கக் கேட்டது. ஆட்களில் ஒருவனும் கிட்டே வரவில்லை.

ஓரமாகச் சரிந்து விழுந்தவனைத் தாண்டி நின்று அவர் சுவரை அடித்தார்.

முதல் அடியிலேயே செங்கல் உதிர்ந்தது. அடுத்த அடியில் இடுப்பு உயரத்துக்குப் பிளந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது; கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. இது விழட்டும். விழுந்ததும் தம்பியைத் தானே தூக்கிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுவார். அண்ணன் அடிப்பான், அண்ணனே மருந்தும் போடுவான். வீட்டுக்குள் நடக்கிற விஷயம், அவ்வளவுதான்.

இன்னொரு அடி. சுவர் மொத்தமும் மடிந்து விழுந்தது.

வெளிச்சம் வரவில்லை.

தூசி அடங்கும்வரை பெரியவர் காத்திருந்தார். பிறகு கையை நீட்டித் தடவிப் பார்த்தார்.

விழுந்த சுவருக்குப் பின்னால், அதை ஒட்டியே, இன்னொரு சுவர் நின்றது. அந்தப் பக்கத்திலிருந்து கட்டியது. கான்கிரீட் கல், நடுநடுவே கம்பி. இடுக்குகளில் பிதுங்கியிருந்த சிமென்ட் எப்போதோ இறுகிக் கல்லாகிவிட்டிருந்தது.

பலமெல்லாம் திரட்டி ஓங்கி அடித்தார். சம்மட்டி திரும்பித் தெறித்தது. முழங்கை வரை மரத்துப்போனது.

"நான் ஒரு சுவர்தாங்க சொன்னேன்" என்றார் ஆடிட்டர், மிக மெதுவாக.

பெரியவர் திரும்பினார்.

முறிந்த தோளைப் பிடித்தபடி கிடந்த தம்பி, அவரைப் பார்க்கவில்லை. சுவரில் எங்காவது விரிசல் விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.